மதம் மாறியது கணவர், வாசலில் நின்றது மனைவி

2005 டிசம்பர் 20ஆம் தேதி கோலாலம்பூர் மருத்துவமனையில் மூர்த்தி மணியம் காலமானார். வயது 36. 1997இல் எவரெஸ்ட் ஏறப் போன முதல் மலேசியக் குழுவில் இருந்த ராணுவ வீரர். மறு வருடம் நடந்த விபத்தில் உடல் செயலிழந்து, சக்கர நாற்காலியோடு வாழ்ந்தவர். மனைவி காளியம்மாள் இந்து முறைப்படி இறுதிச்சடங்குக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது இஸ்லாமியச் சமய இலாகா குறுக்கே வந்தது. மூர்த்தி முந்தைய வருடமே இஸ்லாத்தைத் தழுவிவிட்டார், முஸ்லிம் முறைப்படிதான் அடக்கம் செய்ய வேண்டும் என்றது. அப்படி எதையும் அவர் தன்னிடம் சொன்னதில்லை, கடைசிவரை இந்துவாகத்தான் இருந்தார் என்றார் மனைவி.

யார் சொல்வது சரி என்று விசாரிக்க வேண்டும், அவ்வளவுதானே? இரண்டே நாளில், முஸ்லிம்களின் குடும்ப, மத விவகாரங்களைப் பார்க்கும் ஷரியா நீதிமன்றம், மூர்த்தி முஸ்லிம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த நீதிமன்றத்தில் காளியம்மாளுக்கு இடமில்லை, ஏனென்றால் அவர் முஸ்லிம் அல்ல. சரி என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஷரியா நீதிமன்றம் முடிவு செய்த விஷயத்தில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று டிசம்பர் 28ஆம் தேதி அங்கே சொன்னார்கள். அன்றைக்கே மூர்த்தியின் உடல் முஸ்லிம் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஈப்போவில் எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை. அப்பா அரசியல்வாதிகளைத் திட்டினார். மாமா மதத்தைத் திட்டினார். அம்மாதான் சரியான கேள்வியைக் கேட்டார்: "பெண்டாட்டி என்ன சொல்றான்னு கேக்குறதுக்கு இந்த நாட்டுல ஒரு ஜட்ஜுகூடவா இல்ல?"

மலேசியாவில் மதச் சுதந்திரம் பற்றி யார் என்ன எழுதினாலும் எனக்கு அந்தக் கேள்விதான் முன்னால் வருகிறது. அரசியலமைப்பில் இஸ்லாம் கூட்டரசின் மதம் என்று எழுதியிருப்பதால்தான் எல்லாச் சிக்கலும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு திருச்சபை உண்டு, அங்கே ஓர் இந்துப் பெண் தன் கணவரின் உடலுக்காக நீதிபதி இல்லாமல் அலைவதில்லை. ஒரு மதத்துக்கு நாடு மரியாதை கொடுப்பது வேறு விஷயம். அந்த மதத்தின் பெயரால் எடுக்கப்பட்ட ஒரு முடிவை, அதனால் பாதிக்கப்பட்ட ஒருவர் எங்குமே கேள்வி கேட்க முடியாமல் போவது வேறு விஷயம். நம் பெண்களை நசுக்கியது இரண்டாவதுதான்.

சட்டம் எழுதப்பட்ட கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1956இல் ரீட் ஆணையம் மலாயாவுக்கு அரசியலமைப்பு எழுத வந்தது. ஐந்து பேர்: ரீட் பிரபு, ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் பி. மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது. மலாய், சீன, இந்தியக் கட்சிகளான அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி அந்த ஆணையத்துக்குக் கொடுத்த மனுவில், இஸ்லாம் நாட்டின் மதமாக இருக்க வேண்டும் என்று கேட்டது. கூடவே இரண்டு உறுதிமொழிகளையும் எழுதியிருந்தது: மற்ற மதத்தவருக்கு அதனால் எந்தக் குறையும் வரக் கூடாது, நாடு மதச்சார்பற்றது அல்ல என்று அதற்குப் பொருள் கொள்ளவும் கூடாது. ஆணையத்தின் பெரும்பான்மை அந்தப் பிரிவே வேண்டாம் என்றது. நீதிபதி அப்துல் ஹமீது மட்டும் சேர்க்கலாம் என்றார். கடைசியில் சேர்ந்தது. இஸ்லாம் கூட்டரசின் மதம், மற்ற மதங்களையும் அமைதியாகப் பின்பற்றலாம் என்று 3ஆவது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவு மற்ற எந்தப் பிரிவையும் குறைத்துவிடாது என்று அதிலேயே நான்காம் உட்பிரிவு பூட்டும் போட்டிருக்கிறது. 11ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பின்பற்றும் உரிமை உண்டு என்கிறது. முஸ்லிம்களிடையே வேற்று மதப் பிரசாரம் செய்வதை மட்டும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம்.

1958 மே மாதம் சட்டமன்றத்தில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், பொதுவாகச் சொல்லப்படும் அர்த்தத்தில் இது இஸ்லாமிய நாடு அல்ல, இஸ்லாம் அதிகாரபூர்வமான மதம், அவ்வளவுதான் என்றார். 1988இல் சே ஒமார் வழக்கில் அன்றைய நீதித்துறைத் தலைவர் சாலே அபாஸ் அதையே தீர்ப்பாக எழுதினார். மரண தண்டனைச் சட்டம் இஸ்லாத்துக்குப் பொருந்தவில்லை, அதனால் செல்லாது என்று வாதாடப்பட்ட வழக்கு அது. நாட்டின் பொதுச் சட்டம் மதச்சார்பற்ற சட்டம், 3ஆவது பிரிவில் வரும் இஸ்லாம் சடங்குகளையும் அரசு விழாக்களையும் குறிப்பது என்று நீதிமன்றம் சொன்னது. 2001இல் பிரதமர் மகாதீர், மலேசியா இஸ்லாமிய நாடு என்று ஒரு கட்சி மேடையில் அறிவித்தார். அதற்காக அரசியலமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மாறியது வேறு இடத்தில், அதே 1988இல். நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பற்றிச் சொல்லும் 121ஆவது பிரிவைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் 1ஏ என்று ஒரு வரி புதிதாக நுழைந்தது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட எந்த விஷயத்திலும் சிவில் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கிடையாது. அந்த ஒரு வரிதான் பதினேழு வருடம் கழித்து காளியம்மாளை வாசலில் நிறுத்தியது.

அந்த வரியைக் கேட்டவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை முஸ்லிம் குடும்பங்களின் மணவிலக்கு, பிள்ளை வளர்ப்பு விவகாரங்களில் ஷரியா நீதிபதி ஒன்று சொல்வார், சிவில் நீதிபதி அதைத் தள்ளிவிடுவார். தங்கள் மதச் சட்டத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பே இல்லை என்று அவர்கள் வருந்தியதில் தப்பில்லை.

இதைவிட ஆழமான ஒரு காயமும் இருக்கிறது. தன் பிள்ளைகளைக் கணவர் மதம் மாற்றியதை எதிர்த்து ஈப்போ ஆசிரியை இந்திரா காந்தி நடத்திய வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் மலாய்த் தோழி ஒருவர், "நத்ராவைப் பற்றி உனக்குத் தெரியுமா? எங்கள் பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அழுவார்" என்றார். மரியா ஹெர்டோக் டச்சுக் கத்தோலிக்கக் குழந்தை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அமினா என்ற முஸ்லிம் பெண்ணிடம் வந்து சேர்ந்தாள். நத்ரா என்ற பெயரில் திரெங்கானுவின் கெமாமானில் மலாய்ப் பெண்ணாகவே வளர்ந்தாள். பெற்றவர்கள் போருக்குப் பிறகு தேடிக் கண்டுபிடித்து வழக்குப் போட்டார்கள். பதின்மூன்று வயதில் அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அந்தக் கல்யாணம் செல்லாது, பிள்ளையைப் பெற்றவர்களிடம் கொடுங்கள் என்று சிங்கப்பூரில் வெள்ளைக்கார நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடக்கும்போது அவளை ஒரு கன்னிமாடத்தில் வைத்திருந்தார்கள், அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1950 டிசம்பரில் கலவரம் வெடித்து 18 பேர் இறந்தார்கள்.

வளர்த்த தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிய சிவில் நீதிமன்றம் என்ற நினைவு இந்த வட்டாரத்து முஸ்லிம்களிடம் இருக்கிறது. தோழி பேசி முடித்ததும், அமினாவும் இந்திராவும் ஒரே நிலையில் நின்ற தாய்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

இனி நம் பக்கம். கணவர் மதம் மாறியதால் நம் பெண்கள் நீதிமன்றம் ஏறிய வழக்குகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரு விஷயத்தைத் தொடுவதே இல்லை. சியாமளா வழக்கில் மதம் மாறிய கணவர் ஜெயகணேஷ். சுபாஷினி வழக்கில் சரவணன். இந்திரா காந்தி வழக்கில் பத்மநாதன். எல்லாரும் நம் ஆண்கள். குடும்பத்தில் சண்டை முற்றியிருக்கும் நேரத்தில் மதம் மாறினார்கள், மனைவிக்குத் தெரியாமல் பிள்ளைகளையும் மாற்றினார்கள். ஒருவர் மனதார இஸ்லாத்தை ஏற்பது அவருடைய உரிமை. அதை 11ஆவது பிரிவு காக்கிறது, நானும் மதிக்கிறேன். ஆனால் இந்த வழக்குகளை வரிசையாகப் படிக்கும்போது, மணவிலக்குச் சண்டையில் மனைவியைவிட ஒரு படி மேலே போய் நிற்பதற்கு மதமாற்றம் குறுக்கு வழியாகத் திறந்திருந்தது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வழியைத் திறந்து வைத்தது சட்டம். அதில் நடந்து போனவர்கள் நம் வீட்டு ஆண்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன்.

அந்த வழி எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். கணவனும் மனைவியும் இந்துக்கள், 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்தவர்கள். கணவன் மதம் மாறுகிறான். அந்தச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, மதம் மாறாத துணைக்கு மட்டுமே சிவில் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்திருந்தது. மாறியவர் கேட்க முடியாது. அவர் என்ன செய்வார்? ஷரியா நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே கல்யாணம் முறிந்தது என்றும் பிள்ளைகள் தன் பொறுப்பில் என்றும் உத்தரவு வாங்குவார். மனைவி அங்கே எதிர்வாதம் செய்ய முடியாது, ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்கள் மேல் மட்டும்தான் செல்லும். மனைவி சிவில் நீதிமன்றத்தில் வேறு உத்தரவு வாங்குவார். இப்போது ஒரே பிள்ளைக்கு இரண்டு உத்தரவுகள். எது செல்லும்? 121(1ஏ) இருக்கிறதே என்று சிவில் நீதிபதிகள் ஒதுங்கினார்கள். இரண்டு உத்தரவுகள் இருக்கின்றனவே என்று போலீஸ் ஒதுங்கியது.

அப்புறம் பிள்ளையின் மதம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் மதத்தைப் பெற்றவர் முடிவு செய்யலாம் என்று 12(4) பிரிவு சொல்கிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்தா, ஒருவர் போதுமா? 2007 டிசம்பரில் சுபாஷினி வழக்கில், ஒருவர் போதும் என்றது நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம். சியாமளா அதே கேள்வியோடு போராடி, கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்டார். நீதிமன்ற உத்தரவை மீறி வெளியே இருக்கிறார் என்ற காரணத்தால் 2010இல் அவருடைய வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளியது. அவர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லவே இல்லை.

இந்திரா காந்தி எங்கள் ஊர்க்காரர். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை. 2009 மார்ச்சில் அவருடைய கணவர் மதம் மாறி, ஏப்ரல் மாதம் மூன்று பிள்ளைகளுக்கும் இஸ்லாத்தைத் தழுவியதாகச் சான்றிதழ் வாங்கினார். மூத்தவர்களுக்கு 12, 11 வயது. கடைக்குட்டிக்கு 11 மாதம். பிள்ளைகள் யாரையும் அங்கே நேரில் கொண்டுபோய் நிறுத்தவே இல்லை. பேராக் மாநிலச் சட்டமோ, மதம் மாறுகிறவர் தன் வாயால் கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழியைச் சொல்ல வேண்டும் என்கிறது. 11 மாதக் குழந்தை எதைச் சொல்லியிருக்கும்? அந்தக் கைக்குழந்தையை அப்பா தூக்கிக்கொண்டு போனார்.

தாயும் சும்மா இருக்கவில்லை. 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளும் தாயின் பொறுப்பில் என்று உத்தரவிட்டது. அதற்கு முன்பே ஷரியா நீதிமன்றம் அப்பாவிடம் கொடுத்திருந்தது. 2013 ஜூலையில் நீதிபதி லீ ஸ்வீ செங் மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாது என்றார். அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எங்கள் தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று பேசிக்கொண்டார்கள். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. ஒருவர் முஸ்லிமா இல்லையா என்பதை ஷரியா நீதிமன்றம்தான் சொல்ல வேண்டுமாம். அதாவது, இந்துத் தாய் நுழைய முடியாத இடத்தில் போய்த் தன் பிள்ளையின் மதத்தைக் கேட்டுவர வேண்டும்.

நடுவில் போலீஸ். தாயிடம் பிள்ளையைக் கொடுக்காத தந்தையைப் பிடிக்க 2014இல் நீதிமன்றம் ஆணை கொடுத்தது. அன்றைய தேசிய போலீஸ் படைத் தலைவர், இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகச் சொல்வதால் நடுநிலையாக இருப்பதாகச் சொன்னார், குழந்தையை ஒரு காப்பகத்தில் விடலாம் என்று யோசனையும் சொன்னார். பெற்ற தாய் உயிரோடு இருக்கும் பிள்ளைக்குக் காப்பகம்! 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே, தந்தையைப் பிடியுங்கள் என்று போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது.

2018 ஜனவரி 29ஆம் தேதி இந்திராவின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள், ஒரே முடிவு. எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண். அந்த ஐவரில் நால்வர் முஸ்லிம்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் நடந்த சண்டை என்று இரண்டு பக்கமும் சிலர் கதை கட்டினார்கள். நீதிபதிகள் அப்படிப் பார்க்கவில்லை.

தீர்ப்பின் சாரம் இதுதான். அரசு அலுவலர் ஒருவர் சான்றிதழ் கொடுத்தால், அவர் சட்டப்படி நடந்தாரா என்று பார்ப்பது நீதித்துறையின் அடிப்படை வேலை. அது சிவில் உயர் நீதிமன்றங்களின் கையில் இருக்கிறது, நாடாளுமன்றம்கூட அதைப் பிடுங்கி வேறு இடத்தில் கொடுக்க முடியாது. 121(1ஏ) என்பது ஷரியா நீதிமன்றங்கள் தங்கள் எல்லைக்குள் செய்வதைக் காக்கிறது, மற்றவர்களின் உரிமையை விழுங்குவதற்காக வந்ததல்ல. பேராக் சட்டம் கேட்டபடி பிள்ளைகள் கலிமா சொல்லவில்லை, அதனால் சான்றிதழ்கள் செல்லாது. தாய் தந்தை இருவரும் இருக்கும்போது பிள்ளையை மதம் மாற்ற இருவரின் சம்மதமும் வேண்டும்.

அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் தொட முடியாது என்ற கருத்து இந்தியாவிலிருந்து வந்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கு. வழக்குப் போட்டவர் காசர்கோடு பக்கத்தில் எடநீர் மடத்தின் தலைவர், கேரள அரசின் நிலச் சட்டத்தை எதிர்த்துப் போனவர். ஓர் இந்து மடாதிபதி தொடங்கிய வழக்கில் பிறந்த கோட்பாட்டை, ஒரு முஸ்லிம் நீதிபதி எடுத்து ஈப்போவில் ஒரு தாய்க்கு நீதி சொன்னார். சட்டத்தின் இந்த மாதிரிப் பயணங்களைப் பார்க்கும்போது எனக்கு நாட்டின் மேல் நம்பிக்கை வருகிறது.

ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுகள் ஓடின. பிள்ளை தாயிடம் வரவில்லை. 11 மாதத்தில் போன குழந்தை, அம்மாவைத் தெரியாமலே வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் போலீசால் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த விஷயத்தை நம் சமூகத்தின் குறையாக மட்டும் பார்ப்பதும் போதாது. சட்டத்தின் இதே கெடுபிடி முஸ்லிம்களைத்தான் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. லீனா ஜாய், முன்பு அஸ்லினா ஜைலானி, மலாய்ப் பெண். கிறிஸ்தவரானார். அடையாள அட்டையில் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள், "இஸ்லாம்" என்ற சொல்லை எடுக்க மறுத்தார்கள். ஷரியா நீதிமன்றத்திலிருந்து உத்தரவு கொண்டுவா என்றார்கள். தான் முஸ்லிம் அல்ல என்று சொல்கிற பெண், முஸ்லிம்களுக்கான நீதிமன்றத்தில் போய் அனுமதி கேட்க வேண்டும். 2007 மே 30ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நினைத்தபடி மதத்துக்குள் வரவும் போகவும் முடியாது என்றார் தலைமை நீதிபதி. நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் ஒருவர்தான் அந்த நிபந்தனை நியாயமற்றது என்று எழுதினார். 160ஆவது பிரிவின்படி மலாய்க்காரர் என்றாலே இஸ்லாத்தைப் பின்பற்றுபவர். அப்படியானால் ஒரு மலாய்க்காரர் மதத்தை விடும்போது சட்டத்தின் கண்ணில் இனத்தையும் விடுகிறார். இதன் அழுத்தம் எவ்வளவு என்று நாம் ஊகிக்கத்தான் முடியும்.

அதற்காக முஸ்லிம்கள் எல்லாரும் வாய்மூடி இருக்கிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். கிளந்தான் மாநிலம் கொண்டுவந்த ஷரியா குற்றவியல் சட்டத்தை எதிர்த்து நிக் எலின் என்ற முஸ்லிம் வழக்கறிஞரும் அவர் மகளும் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரி 9ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அவர்கள் பக்கம் நின்று 16 பிரிவுகளை ரத்து செய்தார்கள். குற்றவியல் சட்டம் போடும் அதிகாரம் கூட்டரசு நாடாளுமன்றத்துக்குத்தான், மாநிலம் அதே குற்றங்களுக்குத் தனிச் சட்டம் போட முடியாது என்பது காரணம். இங்கே இஸ்லாத்தின் மதிப்பைப் பற்றிய கேள்வியே இல்லை என்று தலைமை நீதிபதி துங்கு மைமுன் தெளிவாகச் சொன்னார். அப்படிச் சொல்லியும் அந்தத் தாயும் மகளும் பட்ட வசைகள் கொஞ்சமல்ல. அந்த இருவரும் நடந்த தைரியத்துக்கு நாம் வணக்கம் சொல்ல வேண்டும்.

மூர்த்தி இறந்த சில வாரத்தில், 2006 ஜனவரியில், முஸ்லிம் அல்லாத அமைச்சர்கள் ஒன்பது பேர் பிரதமர் அப்துல்லா படாவியிடம் மனுக் கொடுத்தார்கள். 121(1ஏ)-வைத் திரும்பப் பாருங்கள் என்று. சத்தம் கிளம்பியதும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறு வருடம் நவம்பர் 25ஆம் தேதி இந்துக்களின் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பில் கோலாலம்பூர் தெருக்களில் கூடியவர்கள் மனதில் இடிக்கப்பட்ட கோயில்களோடு மூர்த்தியின் வழக்கும் இருந்தது. 2009இல் இந்திராவின் செய்தி வந்தபோது அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: கல்யாணத்தின்போது பெற்றோர் எந்த மதமோ அதிலேயே பிள்ளைகள் வளரட்டும் என்று. அது அறிவிப்பாகவே நின்றது, சட்டமாகவில்லை.

2016இல் வாய்ப்பு வந்தது. திருமண, மணவிலக்குச் சட்டத் திருத்த மசோதாவில் 88ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கணவனோ மனைவியோ மதம் மாறினாலும் பிள்ளை பழைய மதத்திலேயே இருக்கும், மாற்ற வேண்டுமானால் இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அப்புறம் 2017இல் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்று, 88ஏ-வை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். இந்த நாட்டில் எனக்கு மிகவும் கோபம் வந்த தருணங்களில் அது ஒன்று. தேவைப்பட்ட ஒரே பிரிவை உருவி எறிந்துவிட்டு, சீர்திருத்தம் செய்துவிட்டோம் என்றார்கள்.

மிச்சம் இருந்ததில் நல்லவையும் உண்டு, நம் குடும்பங்களில் பலருக்கு அவை தெரியாது. 2018 டிசம்பரிலிருந்து, மதம் மாறியவரும் சிவில் நீதிமன்றத்திலேயே மணவிலக்குக் கேட்கலாம், அதனால் ஷரியா நீதிமன்றத்துக்கு ஓடுவதற்கான பழைய சாக்கு போய்விட்டது. மதம் மாறியவர் மணவிலக்கு முடியும் முன் இறந்துவிட்டால், அவருடைய சொத்தில் முஸ்லிம் அல்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க 51ஏ பிரிவு சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. இந்தப் பிரிவு 2005இல் இருந்திருந்தால் காளியம்மாளுக்கு நிற்க ஓர் இடமாவது கிடைத்திருக்கும். சிவில் முறையில் நடந்த கல்யாணத்தின் மணவிலக்கும் பிள்ளை வளர்ப்பும், ஒருவர் மதம் மாறினாலும் சிவில் நீதிமன்றத்துக்கே உரியவை என்று 2016இல் சிரம்பான் தீபாவின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பில் அக்காவைத் தாயிடமும் தம்பியைத் தந்தையிடமும் பிரித்துக் கொடுத்தது எனக்குச் சம்மதமில்லை. இருந்தாலும் சட்டம் பற்றிச் சொன்னது சரி. கணவர் மதம் மாறிவிட்டார் என்று தெரிந்தால், சமய இலாகாவில் போய் அழுது நேரத்தை விடாமல், முதலில் சிவில் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். நம் அக்கா தங்கைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

2018 தீர்ப்பே போதாதா, எதற்கு 88ஏ என்று கேட்பவர்கள் லோ சியூ ஹோங்கின் வழக்கைப் பார்க்கட்டும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய். அவருடைய மூன்று பிள்ளைகளை முன்னாள் கணவர் நாகேஸ்வரன் 2020இல் பெர்லிஸில் மதம் மாற்றினார். இருவர் சம்மதம் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லி இரண்டு வருடம் கழித்து! பெர்லிஸ் மாநிலம் 2016இலேயே ஒருவர் சம்மதம் போதும் என்று தன் சட்டத்தை மாற்றி வைத்திருந்தது, கூட்டரசு நீதிமன்றம் சொன்ன பிறகும் அதைத் தொடவில்லை. 2023இல் உயர் நீதிமன்றம் தாயின் மனுவைத் தள்ளியது. 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மதமாற்றத்தை ரத்து செய்தது. பெர்லிஸ் அதிகாரிகள் மேலே போக அனுமதி கேட்டதை மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் மறுத்தது. தாய் வென்றார். ஆனால் ஏற்கனவே முடிந்துபோன கேள்விக்காக அவர் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டியிருந்தது. அடுத்த தாய்க்கும் இதே கதி வரலாம், ஏனென்றால் தீர்ப்பைப் படித்துப் பார்த்து நடக்கும் கட்டாயம் எந்தச் சமய இலாகா அலுவலருக்கும் இல்லை என்பதுபோல் நடக்கிறார்கள். நாடாளுமன்றச் சட்டமாக எழுதிவிட்டால் பதிவு செய்யும் அலுவலரே, தாயின் கையெழுத்து எங்கே என்று முதலில் கேட்டாக வேண்டும்.

2020 கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 63.5 சதவீதம், இந்துக்கள் 6.1 சதவீதம். எண்ணிக்கையை வைத்து நாம் இதை ஒருநாளும் வெல்ல முடியாது. மலாய்த் தாய்மார்களிடம் பேசித்தான் வெல்ல முடியும். உங்கள் பிள்ளையை உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் வேறு மதத்துக்குப் பதிவு செய்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்ட எந்த மலாய்த் தாயும், பரவாயில்லை என்று சொன்னதில்லை.

வேட்பாளர்கள் நம்மிடம் வருவார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மாலையோடு நிற்பார்கள், ஈப்போ கல்லுமலையிலும் நிற்பார்கள். கோயிலுக்கு எவ்வளவு மானியம் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். 88ஏ-வை நாடாளுமன்றத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தால் ஆதரித்து வாக்களிப்பீர்களா என்று கேளுங்கள். இந்திரா காந்தி வழக்கின் உத்தரவை நிறைவேற்றப் போலீஸ் என்ன செய்தது என்று சபையில் எழுத்துபூர்வமான பதில் கேட்பீர்களா என்று கேளுங்கள். வேட்பாளர் எந்தக் கட்சி, எந்த இனம், எந்த மதம் என்று பார்க்காமல் எல்லாரிடமும் இந்த இரண்டையும் கேளுங்கள்.